"சராசரி எட்டு வருது, போதும் சார்" என்று சொன்ன தம்பிக்கு



நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் நடந்த ஒரு பேச்சுக்கு அங்கேயே பதில் தட்ட ஆரம்பித்தேன். நாலு வரியில் முடிகிற காரியமாகத் தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப் நடத்தும் ஒருவன், பெயர் வேண்டாம், கார்புரைசிங் வெப்பநிலையை 930 டிகிரியிலிருந்து 980 டிகிரிக்கு ஏற்றிவிட்டதாகச் சொன்னான். (ஐம்பது வயதைத் தாண்டியவனை "அவன்" என்று எழுதுகிறேன். மன்னிக்கவும். எனக்கு அவன் இன்னும் மூன்றாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான்.) எட்டு மணி நேர வேலை ஐந்து மணிக்குள் முடிகிறதாம். கரண்ட் பில் குறைகிறதாம். "கிரெய்ன் வளராதா?" என்று இன்னொருவன் கேட்டான். அதற்கு வந்த பதில்: "அதெல்லாம் சார் கிளாஸ்ல சொன்ன தியரி. சர்ட்டிபிகேட்ல சராசரி எட்டு வருது. கஸ்டமர் கேக்குறது அஞ்சு. போதும்."

அதற்குக் கீழே ஏகப்பட்ட கட்டைவிரல்கள். எல்லாம் என்னிடம் படித்தவர்களின் விரல்கள்.

தம்பி, போதாது. ஏன் போதாது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் உன்னைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதையும் செய்கிறேன்.

முதலில், இந்தத் தொழில் தெரியாத உறவினர்களுக்காக இரண்டு வார்த்தை. என் தங்கை மகள் போனில் கேட்டாள்: "மாமா, இரும்புக்குள்ள எப்படி ஒண்ணு வளரும்? அது என்ன செடியா?" நல்ல கேள்வி.

துத்தநாகம் பூசிய பழைய வாளியின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். பாறை உடைந்த மாதிரி பளபளவென்று திட்டுத்திட்டாக இருக்கும். ஒவ்வொரு திட்டும் ஒரு படிகம். அதைத்தான் கிரெய்ன் என்கிறோம். ஒரு கிரெய்னுக்குள் அணுக்கள் ஒரே ஒழுங்கில் வரிசையாக நிற்கும். பக்கத்துக் கிரெய்னில் வரிசையின் திசை வேறு. இரண்டும் சந்திக்கும் இடம்தான் எல்லை. எல்லா உலோகமும் இப்படித்தான். வாளியில் கண்ணுக்குத் தெரிகிறது. நல்ல கியர் எஃகில் ஒரு கிரெய்ன் தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். மைக்ராஸ்கோப் வேண்டும்.

அந்த எல்லையில் அணுக்கள் வசதியாக இல்லை. அங்கே ஆற்றல் கூடுதல். எல்லையின் மொத்தப் பரப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு உலோகத்துக்கு நிம்மதி. சூடாக்கினால் அணுக்களுக்கு இடம் மாறத் தெம்பு வரும். எல்லைகள் நகரும். சின்ன கிரெய்ன் சுருங்கிக் காணாமல் போகும். பெரியது இன்னும் பெரிதாகும். துணி துவைக்கிற வாளியில் சோப்பு நுரையைக் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள், சின்னக் குமிழிகள் மறைந்து பெரிய குமிழிகள் மிஞ்சும். கிட்டத்தட்ட அதே கணக்கு.

கிரெய்ன் சின்னதாக இருந்தால் எஃகு வலுவாகவும் இருக்கும், சட்டென்று உடையாமலும் இருக்கும். எல்லைகள்தான் விரிசலுக்கு வேகத்தடை. 1950களின் தொடக்கத்தில் ஹால், பெட்ச் என்ற இருவர் தனித்தனியாக இதை அளந்து சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள். கிரெய்ன் பெரிதானால் வலிமை குறையும். இது வரைக்கும் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை இதற்கு அப்புறம்தான்.

நான் உங்களுக்குக் கரும்பலகையில் என்ன வரைந்து காட்டினேன்? கிடைக்கோட்டில் வெப்பநிலை, நிலைக்கோட்டில் கிரெய்ன் அளவு. மெதுவாக ஏறுகிற வழவழப்பான ஒரு வளைகோடு. "வெப்பம் கூடக்கூட கிரெய்ன் கூடும், நேரம் கூடக்கூட கிரெய்ன் கூடும்." கேள்வித்தாளில் இரண்டு மதிப்பெண். எழுதினீர்கள், வாங்கினீர்கள், பாஸ் ஆனீர்கள்.

அந்தப் படம் பாதி உண்மை. பாதி உண்மையைத்தான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தேன். அந்த வளைகோட்டை மனதில் வைத்திருப்பவன் என்ன நினைப்பான்? "ஐம்பது டிகிரி ஏற்றினால் கிரெய்ன் கொஞ்சம் பெருக்கும். எட்டு என்பது ஏழரை ஆகும். அதனால் என்ன?" தம்பி நினைத்தது அதுதான். அவன் தப்பாகப் படிக்கவில்லை. நான் சொன்னதைச் சரியாகவே படித்திருக்கிறான்.

நீங்கள் கையாளும் எஃகில் நடப்பது வேறு. 20எம்என்சிஆர்5 மாதிரி கியர் எஃகுகளில் 0.02 முதல் 0.05 சதவீதம் வரை அலுமினியம் சேர்த்திருப்பார்கள். அது எஃகில் இருக்கும் நைட்ரஜனோடு சேர்ந்து அலுமினியம் நைட்ரைடு என்ற மிக நுண்ணிய துகள்களாக எங்கும் தூவிக் கிடக்கும். கிரெய்ன் எல்லை நகர்ந்து வரும்போது இந்தத் துகளில் மாட்டிக்கொள்ளும். காற்றில் அடித்துப் போகிற துணி முள்ளில் மாட்டுகிற மாதிரி. ஒரு முள் போதாது. ஆயிரக்கணக்கில் இருந்தால் எல்லை அசையாது. 1948-ல் சிரில் ஸ்டான்லி ஸ்மித் தம் நண்பர் ஜீனருடைய இந்தக் கணக்கை வெளியிட்டார். துகள் எவ்வளவு நுண்ணியதோ, எவ்வளவு அதிகமோ, கிரெய்ன் அவ்வளவு சின்ன அளவிலேயே நின்றுவிடும். "நுண் கிரெய்ன் எஃகு" என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறீர்களே, அந்தக் கூடுதல் காசு இந்த முட்களுக்குத்தான்.

ஆகவே இந்த எஃகில் வெப்பநிலையை ஏற்றினால் வளைகோடு ஏறாது. படுத்தே கிடக்கும். 900, படுத்திருக்கும். 930, படுத்திருக்கும். இன்னும் ஏற்றினாலும் படுத்திருக்கும். பார்த்தால் தைரியம் வரும்.

அதற்கு மேலே என்ன நடக்கிறது? முட்கள் கரைய ஆரம்பிக்கின்றன. அலுமினியம் நைட்ரைடு மெல்ல மெல்ல எஃகுக்குள்ளேயே கரைந்து போகிறது. கரையாமல் மிஞ்சுகிற துகள்களிலும் சின்னது மறைந்து பெரியது பருக்கிறது. கணக்குப் பாருங்கள். துகளின் பருமன் இரண்டு மடங்கானால் கிரெய்ன் வளரக்கூடிய எல்லை இரண்டு மடங்கு. துகளின் மொத்த அளவு பாதியானால் அதுவும் இரண்டு மடங்கு. இரண்டும் சேர்ந்து நடந்தால் நான்கு மடங்கு. ஆனால் இது எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. எஃகுக்குள் அலுமினியம் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. ஓர் இடத்தில் முன்னால் விடுபடும், பக்கத்தில் இன்னும் கட்டிப்போட்டே இருக்கும்.

இப்போது ஒரே ஒரு கிரெய்னின் எல்லை விடுபட்டுவிட்டது என்று வையுங்கள். சுற்றியிருக்கும் அத்தனையும் சின்னது, அத்தனையும் கட்டிப்போட்டது. இதற்கு மட்டும் கை அவிழ்ந்திருக்கிறது. என்ன செய்யும்? வரிசையாக விழுங்கும். விழுங்க விழுங்க அதன் பக்கத்து வீட்டுக்காரர்களின் எண்ணிக்கை கூடும், நகர்வதற்கான உந்துதலும் குறையாது. 1965-ல் ஸ்வீடனின் மாட்ஸ் ஹில்லெர்ட் இதற்கான நிபந்தனைகளைக் கணக்கு வைத்துச் சொன்னார். மற்ற கிரெய்ன்கள் துகள்களால் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்; சராசரியைவிட மிகப் பெரிய கிரெய்ன் ஒன்றாவது இருக்க வேண்டும். இதற்குப் பெயர் இயல்பு மீறிய வளர்ச்சி. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் வளர்வது இல்லை இது. ஆயிரம் பேர் நின்ற இடத்தில் நிற்க, ஒருவன் மட்டும் ஊரை வளைத்துப் போடுவது.

இதில் இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். துகளே இல்லாத சாதாரண எஃகில் எல்லா கிரெய்னும் சீராகப் பெருக்கும். அது உங்களை முன்னாலேயே எச்சரிக்கும். நுண் கிரெய்ன் எஃகு எச்சரிக்காது. குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் அது சாதாரண எஃகைவிடவும் பெரிய கிரெய்னைக் காட்டக்கூடும். நல்ல எஃகு வாங்கியிருக்கிறேன் என்ற தைரியத்தில் நெருப்பை ஏற்றுகிறவன்தான் முதலில் மாட்டுவான்.

அந்த வெப்பநிலை எது என்று கேட்பீர்கள். அதுதான் சிக்கல். ஒரே எண் கிடையாது. அலுமினியம் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு, ஃபோர்ஜிங்கை எந்தச் சூட்டில் முடித்தார்கள், நார்மலைசிங் செய்தார்களா, குளிர் ஃபோர்ஜிங் செய்து அப்படியே கார்புரைசிங்குக்கு அனுப்பினார்களா, இத்தனையையும் பொறுத்து மாறும். ஒரு ஹீட்டில் வந்த எஃகு 980-ஐத் தாங்கும். அடுத்த ஹீட் தாங்காது. லாரியில் வந்து இறங்கும்போது இரண்டும் ஒரே கறுப்புக் கம்பிதான்.

சரி, சர்ட்டிபிகேட்டுக்கு வருவோம். தம்பி, உனக்கு எஃகு கொடுத்த மில்லின் சர்ட்டிபிகேட்டில் கிரெய்ன் சைஸ் என்று ஒரு வரி இருக்கும். அது எந்தச் சோதனை என்று என்றைக்காவது படித்தாயா? பெரும்பாலும் மெக்வைட்-எஹ்ன் சோதனை. ஏறக்குறைய நூறு வருஷப் பழையது. 925 டிகிரியில் எட்டு மணி நேரம் கார்புரைஸ் செய்து பார்ப்பது. மில் உனக்குக் கொடுத்த உறுதி 925-க்கு. நீ ஓட்டுவது 980-ல். அவன் கொடுத்த காகிதத்தைக் காட்டி நீ ஏன் நெஞ்சை நிமிர்த்துகிறாய்? நாற்பது கிலோ தாங்கும் என்று எழுதிய ஏணியில் எண்பது கிலோ ஆள் ஏறிக்கொண்டு, "ஏணிக்குச் சர்ட்டிபிகேட் இருக்கு" என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

"இல்லை சார், நான் என் பார்ட்டையே வெட்டிப் பார்க்கிறேன், அதிலும் எட்டுதான் வருது" என்று சொல்வாய். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம். ஒரு கணக்குப் போடுவோம். பென்சில் எடுங்கள்.

கிரெய்ன் நம்பர் என்பது என்ன? 100 மடங்கு பெருக்கத்தில் ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை கிரெய்ன் தெரிகிறது என்பதன் கணக்கு. நம்பர் 1 என்றால் ஒன்று. 2 என்றால் இரண்டு. 3 என்றால் நான்கு. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் நம்பர் 8-க்கு 128 கிரெய்ன்.

பத்து இடங்களில் பார்க்கிறாய். ஒன்பது இடங்களில் நல்லபடியாக 128. பத்தாவது இடத்தில் ஒரே ஒரு கிரெய்ன் அந்தச் சதுர அங்குலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நம்பர் 1. அசல் அளவில் கால் மில்லிமீட்டர். சாதாரண கிரெய்னைப் போல 128 மடங்கு பரப்பு.

மொத்தம் எத்தனை? ஒன்பது பெருக்கல் 128, கூட்டல் 1. அதாவது 1153. பத்தால் வகுத்தால் 115.3. இதற்குக் கிரெய்ன் நம்பர் 7.85. முழு எண்ணாக எழுதினால், எட்டு!

பார்த்தாயா? நீ பார்த்த பரப்பில் பத்தில் ஒரு பங்கை ஒரே ஒரு கிரெய்ன் தின்றுவிட்டது. உன் சர்ட்டிபிகேட்டில் எட்டுதான் வருகிறது. கஸ்டமர் கேட்ட ஐந்தைவிட மூன்று படி மேலே. எல்லாருக்கும் சந்தோஷம். அந்த ஒரு கிரெய்ன் கியர் பல்லின் அடியில் இருந்தால்? பல்லின் அடியில்தான் வளைவு அழுத்தம் அதிகம். குவென்ச் செய்ததும் அந்தப் பெரிய கிரெய்னுக்குள் நீள நீளமான மார்ட்டென்சைட் தகடுகள் உருவாகும். விரிசல் கிளம்பினால் நிறுத்த வேகத்தடை கிடையாது. கிரெய்ன் பெருத்த இடமும் பெருக்காத இடமும் ஒரே மாதிரி கடினமாவதில்லை, பார்ட்டும் கோணலாகும். கியர் சத்தம் போடுகிறது என்று அசெம்பிளியில் திருப்பி அனுப்புவார்களே, அதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

கியர் பல் சராசரியில் உடைவதில்லை. மோசமான இடத்தில் உடைகிறது. சராசரி எடுக்கும்போது நாம் காணாமல் போகச் செய்வது அந்த மோசமான இடத்தைத்தான்.

இப்போது நான் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டிய இடம்.

1990களின் தொடக்கத்தில், நம் லேபுக்கு வெளியிலிருந்து சோதனைக்குச் சாம்பிள் வரும் என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பல் உடைந்த ஒரு கியரைக் கொண்டுவந்தார்கள். எந்த ஷாப் என்று சொல்லப் போவதில்லை. வெட்டி, பாலிஷ் செய்து, சூடான பிக்ரிக் அமிலத்தில் எட்ச் செய்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நல்ல நுண் கிரெய்ன். ஓர் இடத்தில் மட்டும் எல்லையே தெரியவில்லை. வெறும் வெளி. "இங்கே எட்சிங் சரியாக விழவில்லை" என்று நினைத்தேன். ஸ்டேஜைத் திருகிப் பக்கத்துக்கு நகர்த்தினேன். நல்ல இடமாகப் பத்து பார்த்தேன். எண்ணினேன். "கிரெய்ன் சைஸ் 7.5, திருப்தி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எஃகில் தப்பில்லை, ஹீட் ட்ரீட்மென்டில் கிரெய்ன் வளரவில்லை என்று நான் எழுதிக்கொடுத்துவிட்டேன். அப்படியென்றால் குவென்ச்சிங்கில்தான் தப்பு என்று அவர்கள் முடிவு செய்தார்கள். நைட் ஷிப்டில் குவென்ச் டேங்க் பார்த்த ஆளை வேலையை விட்டு அனுப்பினார்கள். இரண்டு பிள்ளைகள் அவருக்கு. இது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். ஃபர்னஸில் வெப்பநிலை காட்டும் தெர்மோகப்பிள் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது என்பது இன்னும் சில மாதங்கள் கழித்து, இன்னும் நாலு கியர் உடைந்த பிறகு தெரிந்தது. அன்றைக்கு அலமாரியிலிருந்து அந்தப் பழைய சாம்பிளை எடுத்து மறுபடி எட்ச் செய்தேன். அந்த வெறும் வெளி அப்படியே இருந்தது. எட்சிங் விழாத இடம் இல்லை அது. எல்லையே இல்லாத இடம். ஒரே கிரெய்ன்.

அந்த ஷாப்புக்குத் திருத்திய ரிப்போர்ட் அனுப்பினேன். அந்த ஆளைத் தேடிப் போனேன். ஊரை விட்டுப் போயிருந்தார். அதற்கப்புறமும் வகுப்பில் அதே வழவழப்பான வளைகோட்டைத்தான் வரைந்தேன், ஏனென்றால் கேள்வித்தாளில் அதுதான் வரும். இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில்கூட.

ஆகவே தம்பி, "சார் சொன்ன தியரி" என்று நீ எழுதியபோது எனக்கு வலித்தது உண்மைதான். தியரி பொய் என்பதால் வலிக்கவில்லை. சார் தியரியை முழுசாகச் சொல்லவில்லை என்பதால் வலித்தது.

இதற்கு உங்களிடமிருந்து வரப்போகும் எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாதம்: "பிழைக்க வேண்டாமா சார்? பக்கத்து ஷாப்காரன் கிலோவுக்கு ரேட்டைக் குறைக்கிறான். கரண்ட் யூனிட் விலை ஏறுகிறது." நியாயம். 980-க்குப் போகாதே என்று நான் சொல்லவே இல்லை. உலகத்தில் வேக்வம் ஃபர்னஸில் 1000 டிகிரிக்கு மேலும் கார்புரைஸ் செய்கிறார்கள். ஆனால் அதற்கென்று நையோபியம் சேர்த்த எஃகு கேட்டு வாங்குகிறார்கள். நையோபியத்தின் துகள்கள் அலுமினியம் நைட்ரைடைவிட அதிகச் சூட்டைத் தாங்கும். முள்ளை மாற்றிவிட்டு நெருப்பை ஏற்றுகிறார்கள். நீ முள்ளை மாற்றாமல் நெருப்பை மட்டும் ஏற்றியிருக்கிறாய்.

இரண்டாவது வாதம் புத்திசாலிகளிடமிருந்து வரும்: "டிரான்ஸ்பார்மர் தகட்டில் இதையே வேண்டுமென்று செய்கிறார்களே சார்?" ஆமாம், செய்கிறார்கள். அமெரிக்காவின் நார்மன் காஸ் 1934-ல் காப்புரிமை வாங்கிய முறை அது. சிலிக்கான் எஃகுத் தகட்டைக் குளிர்நிலையில் உருட்டி, இடையில் அனீல் செய்து, மறுபடி உருட்டி, கடைசியில் அதிகச் சூட்டில் வைத்தால், குறிப்பிட்ட ஒரு திசையில் நிற்கும் கிரெய்ன்கள் மட்டும் மற்றவற்றை விழுங்கி மில்லிமீட்டர், சென்டிமீட்டர் கணக்கில் வளரும். அந்தத் திசையில் காந்தமாவது சுலபம். மின்சாரம் சூடாக வீணாவது குறையும். உங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குள் இருப்பது அநேகமாக அந்தத் தகடுதான்.

இன்னும் ஒன்று சொல்கிறேன். 2013-ல் ஜப்பானின் டோஹோகு பல்கலைக்கழகத்துக்காரர்கள் தாமிரம்-அலுமினியம்-மாங்கனீஸ் கலவை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக் குளிரவைத்தே கிரெய்னை இயல்பு மீறி வளர்க்கலாம் என்று காட்டினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கிரெய்னுக்குள் உண்டாகும் நுண்ணிய உள்ளெல்லைகளின் ஆற்றலே வளர்ச்சிக்குத் தீனி. 2017-ல் அதே வழியில் 70 சென்டிமீட்டர் நீளக் கம்பி முழுவதையும் ஒரே படிகமாக்கினார்கள்.

அவர்களால் முடிகிறதென்றால் அதற்குக் காரணம், முட்கள் எங்கே, எப்போது விடும் என்று அவர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். காஸின் தகட்டில் மாங்கனீஸ் சல்பைடு துகள்கள் என்ன செய்கின்றன என்பது விளக்கமாகத் தெரிந்ததே 1958-ல்தான். வேண்டுமென்று செய்கிறவன் அந்தப் பெரிய கிரெய்னைத் தேடிப் பார்க்கிறான். நாம் அது கண்ணில் பட்டால் ஸ்டேஜை நகர்த்துகிறோம். இந்த உதாரணத்தை வைத்து நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்ள முடியாது.

விமான எஞ்சின் டிஸ்குகளுக்கான விவரக்குறிப்பில் சராசரியோடு சேர்த்து "இதைவிடப் பெரிய கிரெய்ன் ஒன்றுகூட இருக்கக் கூடாது" என்றும் எழுதுகிறார்கள். அதற்கென்றே தனித் தரமுறை இருக்கிறது, ஏஎஸ்டிஎம் ஈ 930. பெரியதும் சின்னதும் கலந்திருந்தால் எப்படி எழுதுவது என்பதற்கு ஈ 1181. நாம் எல்லாரும் பிடித்துத் தொங்குகிற ஈ 112, சராசரிக்கானது. அதைக் கலப்பு கிரெய்னுக்குப் பயன்படுத்துவது அந்தத் தரமுறையின் குற்றம் இல்லை, நம் குற்றம். ஆகாயத்தில் பறக்கிறவனுக்கு ஒரு கணக்கு, டிராக்டரில் உட்காருகிறவனுக்கு ஒரு கணக்கா?

ஷாப் வைத்திருக்கும் பிள்ளைகளே, நான் கேட்பது பெரிய செலவு இல்லை.

ஒன்று. மில்லிடம் அலுமினியம், நைட்ரஜன் இரண்டின் அளவையும் கேட்டு வாங்குங்கள். ஹீட் நம்பர் மாறினால் புதிய எஃகு என்றே எண்ணுங்கள்.

இரண்டு. ஒவ்வொரு புது ஹீட்டிலிருந்தும் ஒரு துண்டை, உங்கள் ஃபர்னஸில், நீங்கள் ஓட்டுகிற வெப்பநிலையில், ஓட்டுகிற நேரம் வைத்துக் குவென்ச் செய்து வெட்டிப் பாருங்கள். பார்ட் குளிர் ஃபோர்ஜிங் என்றால் கம்பித்துண்டு போதாது, பார்ட்டையே வெட்ட வேண்டும். கூடையின் நடுவில் மட்டும் வைக்காதீர்கள். ஃபர்னஸில் மிகச் சூடான மூலை எது என்று ஆபரேட்டருக்குத் தெரியும். அவரைக் கேட்டு அங்கே வையுங்கள். தெர்மோகப்பிளைச் சரிபார்க்கிற தேதியைச் சுவரில் எழுதிப் போடுங்கள். கே டைப் தெர்மோகப்பிள் நாளாக நாளாக விலகும்.

மூன்று. சாம்பிளில் முதலில் மிகப் பெரிய கிரெய்னைத் தேடுங்கள். எண்ணுவது அப்புறம். அதன் அளவை ரிப்போர்ட்டில் தனி வரியாக எழுதுங்கள், கஸ்டமர் கேட்காவிட்டாலும். எல்லை தெரியாத வெறும் வெளி கண்ணில் பட்டால் அங்கேயே நில்லுங்கள். மறுபடி பாலிஷ் செய்து மறுபடி எட்ச் செய்யுங்கள். அப்போதும் வெறும் வெளியாகவே இருந்தால் அந்த பேட்ச்சை அனுப்பாதீர்கள். (பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும். ஈரமாகவே வைத்திருங்கள். இதையாவது நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன் என்று நம்புகிறேன்.)

இப்போது பாடம் நடத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு: அந்த வளைகோட்டை வரையுங்கள். பக்கத்திலேயே இன்னொன்றையும் வரையுங்கள், நெடுந்தூரம் படுத்துக் கிடந்து செங்குத்தாக எழுகிற கோட்டை. கேள்வித்தாளில் வராது. பரவாயில்லை, வரைந்து காட்டுங்கள்.

தம்பி, உன் ஷாப்புக்கு நானே வருகிறேன். மைக்ராஸ்கோப் இருக்கிறதல்லவா? கண் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் அந்த வெறும் வெளியை இனி நான் தவறவிட மாட்டேன். ஓட்டின 980 டிகிரி பேட்ச்சில் மூலையிலிருந்த பார்ட் ஒன்றை எடுத்து வை. நான் சொன்னது பயம் மட்டும்தான் என்று தெரிந்தால் குழுவில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன், மதியச் சாப்பாடும் என் செலவு. பெரிய கிரெய்ன் தெரிந்தால், அந்த பேட்ச் எந்தெந்த வண்டிக்குப் போனது என்று நாம் இருவரும் உட்கார்ந்து கஸ்டமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். அதற்கும் தயாராக இரு.

கட்டைவிரல் தூக்கிய மற்றவர்களும் உங்கள் ஷாப்பில் கடைசியாகச் சாம்பிள் வெட்டிப் பார்த்தது எப்போது, எந்த வெப்பநிலையில் என்று கீழே எழுதுங்கள். என்னைத் திட்டுவதென்றாலும் எழுதுங்கள், படிப்பேன். "அருமையான பதிவு சார்" மட்டும் வேண்டாம்.